டோக்கன் எண் 214-ம் என் ‘கட்’ நோட்டும்

1971 நவம்பர் 15, திங்கட்கிழமை, காலை ஏழு ஐம்பது. தூறல். மேற்கே ஆவடிப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. அம்பத்தூரில் குடையை விரித்தால் அவமானம், விரிக்காவிட்டால் ஜலதோஷம் என்கிற அளவுக்குத்தான் மழை. அந்த நிமிஷத்தில்தான், தொழிற்சாலை நோட்டீஸ் பலகையின் முன்னால் நின்று, ஏழு பேர் வயிற்றில் நான் அடித்திருக்கிறேன் என்பதைத் தெரிந்துகொண்டேன். அதுவும் என் சொந்தக் கையெழுத்தால்.

(இவ்வளவு துல்லியமாக எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு எல்லாம் நினைவிருக்கும். இப்போதைய வீட்டுக்குப் படிகள் பதினொன்று. பத்தாவது படியில் ஓர் ஓரம் உடைந்திருக்கிறது. இது ஒரு வியாதி என்று டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் என்னிடம் ஒன்பது கேள்விகள் கேட்டார்.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பி.ஏ. முடித்துவிட்டு, சைக்கிள் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் எண் அடித்த பித்தளை டோக்கன் ஒன்று உண்டு. உள்ளே வரும்போது பலகையிலிருந்து அதை எடுத்து, வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். பெட்டியில் விழுந்த டோக்கன்களுக்கு வருகைப் பதிவேட்டில் ‘வந்தார்’ என்று குறிக்க வேண்டும், பலகையிலேயே தொங்குபவற்றுக்கு ‘வரவில்லை’ என்று. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு டோக்கன்கள். இதைவிட எனக்குப் பொருத்தமான வேலையைக் கடவுளே நேரில் வந்தாலும் கொடுத்திருக்க முடியாது.

வினை, வருடாந்திர விழா உருவத்தில் வந்தது. ஒவ்வொரு பிரிவும் மேடையில் ஒரு நிகழ்ச்சி தரவேண்டும் என்பது வழக்கம். லேத் பிரிவில் நாடகம், பெயின்ட் பிரிவில் பாட்டு. எங்கள் டைம் ஆபீசில் இருந்ததே மூன்று பேர்தான். சீனியர் குமாஸ்தா நாதமுனிக்குப் பாட வராது. பியூனுக்குப் பாட வரும், நிறுத்த வராது. மூன்றாவது ஆள் நான்.

“நான் பேசுகிறேன்” என்றேன்.

“எதைப் பத்தி?” என்று நாதமுனி பயத்தோடு கேட்டார்.

எதைப் பற்றி என்பது அன்று காலை ரயிலில் தீர்மானமாகியிருந்தது. நான் குடியிருந்தது திருமுல்லைவாயிலில். அதே ஊரிலிருந்து கஜேந்திரன் என்று ஒரு லேத் தொழிலாளி, காலை ஷிப்ட் உள்ள நாளெல்லாம் என்னோடு வருவான். என் வயதுதான். அவன் அப்பா வயல் வேலைக்குப் போனவர். குடும்பத்திலேயே முதன்முதலாகத் தொழிற்சாலைக்குள் காலெடுத்து வைத்தவன் இவன்தான். தொழிற்சாலையில் என்னை ‘சார்’ என்பான், ரயில் ஏறினால் ‘அண்ணாத்தே’ என்பான். அன்று ஓடி வந்து ஏறியவன், மூச்சு வாங்கியபடியே சொன்னான்:

“லேட்டாயிட்ச்சி அண்ணாத்தே. கட்டிங் பண்ணிக்க குந்தினா, பாதி தலையில அவன் கத்திரிய வெச்சிட்டு பொண்டாட்டியோட சண்ட போட போயிட்டான். அப்பால ஷார்ட் கட்டுல ஓடியாந்தேன். அங்க சைக்கிள்காரன் ஒருத்தன் கட் அடிச்சிகினு வந்து இடிச்சிட்டான். நீ இன்னா, கட் ஷூ புச்சா?”

ஒரே மூச்சில் நான்கு ‘கட்’. நான்கும் நான்கு பொருள். அம்பத்தூர் வருவதற்குள் நானாகவே யோசித்து இன்னும் ஏழு சேர்த்துவிட்டேன். கரண்ட் கட். கட் பனியன். துணிக்கடைக் கட் பீஸ். சீட்டுக் கட்டில் கட் போடுவது. கேரம் பலகையில் ஓரமாகத் தட்டிவிடும் கட். ‘அவனோட பேச்சுவார்த்தை கட்’. யாரிடமும் வளைந்து பேசாத ஆளைச் சொல்லும் ‘கட் அண்ட் ரைட்’. இங்கிலீஷ்காரன் ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான். நம் ஆட்கள் அதை லேத்தில் மாட்டி எத்தனை உருப்படி கடைந்து எடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமிதம் பொங்கியது. பொங்கிய வேகத்தில் நாதமுனியிடம் தலைப்பையும் சொல்லிவிட்டேன்: ‘கட்: ஒரு சொல், ஐம்பது பொருள்’.

ஐம்பது என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கையில் இருந்தது பதினொன்று. மூன்றாம் நாள், விழா நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தபோது, ஐம்பது என்பது எழுத்தில் இல்லாமல் இலக்கத்தில், தடித்த மையில் இருந்தது. அச்சில் ஏறிவிட்ட எண்ணைக் குறைப்பதை என் மனசாட்சி அனுமதிக்காது. ஐம்பதைக் கண்டுபிடித்தே தீர்வது என்று கிளம்பினேன்.

கேன்டீன், தண்ணீர்க் குழாய், சைக்கிள் ஸ்டாண்டு என்று எங்கே இரண்டு பேர் நின்று பேசினாலும் மூன்றாவதாக நான் நின்றேன். ‘கட்’ வரும் வாக்கியம் சொன்னால் ஒரு டீ என்று அறிவித்தேன். சொன்ன வாக்கியத்தை உடனே நோட்டில் ஏற்றினேன். நாதமுனியும் தன் பங்குக்கு ‘விறகுக் கட்டு’ என்று ஒன்று கொண்டுவந்தார். அது தமிழ் என்று தள்ளுபடி செய்துவிட்டேன். அதற்காக அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. (‘பேச்சுவார்த்தை கட்’ ஏற்கெனவே பதிவாகியிருந்தது.)

இங்கேதான் நான் செய்த முட்டாள்தனம் வருகிறது. நோட்டுக்குக் காசு எதற்கு என்று, டைம் ஆபீஸ் அலமாரியில் கிடந்த பழுப்பு அட்டைப் பதிவேடு ஒன்றை எடுத்துக்கொண்டேன். அது ஒழுங்கீனப் புகார்களை எழுதும் பதிவேடு. அதில் ஆறு பத்திகள் அச்சடித்திருக்கும்: தேதி, நேரம், இடம், டோக்கன் எண், பெயர், விவரம். எனக்கு வேண்டியது விவரம் மட்டும்தான். ஆனால் ஐந்து பத்திகளைக் காலியாக விட்டுவிட்டு ஆறாவதை மட்டும் நிரப்ப என்னால் முடியாது. பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். ஆகவே இப்படி எழுதினேன்:

‘20-10-71. பகல் 12.40. கேன்டீன். 214. கஜேந்திரன். “இன்னிக்கு செகண்ட் ஷிப்ட்ட கட் அட்ச்சிட்டு பட்த்துக்கு போறேன்.”’

‘27-10-71. காலை 10.05. தண்ணீர்க் குழாய். 187. மாணிக்கம். “போர்மேன் கண்ண கட் பண்ணிகினு பீடி குடிக்கணும்.”’

‘2-11-71. மாலை 4.10. சைக்கிள் ஸ்டாண்டு. 96. ஏழுமலை. “ஓட்ட ஒடசல் ஏத்தற லாரிக்காரன்கிட்ட எனக்கு மாசாமாசம் கட்டிங் வந்துடும்.”’

இப்படி நாற்பத்து மூன்று. ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடமும் காலமும் ஆதாரமும் எவ்வளவு முக்கியம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். இன்னும் ஏழுதான் பாக்கி.

நவம்பர் 13 சனிக்கிழமை மாலை, தினமும் வீட்டுக்கு எடுத்துப்போகும் நோட்டைக் காணவில்லை. ஞாயிறு முழுக்க வீட்டைப் புரட்டினேன். ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டரிடம் இரண்டு தடவை போய்க் கேட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் டைம் ஆபீசின் பழுப்பு அட்டைப் பதிவேடுகளைப் பியூன் கட்டி எடுத்துப்போய் மாடியில் மேனேஜர் மேஜையில் வைப்பான் என்பது முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பதுக்குத்தான் உறைத்தது.

நோட்டீசில் மேனேஜர் கைப்படவே எழுதியிருந்தார். டைம் ஆபீசின் பதிவுகளைக் கொண்டு, கீழ்க்கண்ட ஏழு பேர் இருபத்து நான்கு மணி நேரத்தில் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும். அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: டோக்கன் எண் 214, கஜேந்திரனைப் பணி நிரந்தரம் செய்வது நிறுத்தி வைக்கப்படுகிறது.

திரும்பினேன். பின்னால் சுமார் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். (முதல் தடவையாக ‘சுமார்’ போடுகிறேன். எண்ணும் நிலையில் நான் இல்லை.)

“வாங்க சிஐடி சார்” என்றான் பீடிக்கார மாணிக்கம். “டீ வாங்கிக் குடுத்து வாயப் புடுங்கிட்ட. எங்க வூட்டு நாய்கூட இப்டி பண்ணாது. அதுக்கு எழுத தெரியாது, அது வேற.”

“அது வந்து, விழாவுக்குப் பேச்சு…”

“பேச்சுக்கு இன்னாத்துக்கு நைனா டோக்கன் நம்பரு?”

நோட்டீசை இன்னொரு தடவை படிக்கிற மாதிரி பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாசல் டீக்கடைக்கு நகர்ந்தேன். கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்க்காமல் நின்றார். பெஞ்சில் இருந்த ஏழுமலை சொன்னான்: “இவுருக்கு இனிமே டீ கட். பீடி கட். நெருப்புகூட கட்.”

ஊர்விலக்கு என்கிற பொருளில் ‘கட்’. நாற்பத்து நான்காவது. என் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த பென்சிலுக்குப் போயிற்று. அதை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

லேத் பிரிவில் கஜேந்திரன் மெஷினை நிறுத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. ‘சார்’ என்றும் சொல்லவில்லை, ‘அண்ணாத்தே’ என்றும் சொல்லவில்லை.

“உன்ன கூட்டாளின்னு நெனச்சிகினு இருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு பர்மனென்ட் லிஸ்ட் ஹெட் ஆபீசுக்கு போவுது. அதுல என் பேரு இல்லன்னா தையில கல்யாணம் இல்ல. பொண்ணு வூட்டுக்காரங்க ஆர்டர கண்ல காட்டு, அப்பால பாக்கு மாத்தலாம்னு சொல்லிகினு கீறாங்க.”

“நீ அன்றைக்கு ஷிப்டுக்கு வராதது நிஜம்தானே கஜேந்திரா” என்றேன் மெதுவாக.

“எவன் சொன்னான்? நான் வந்தேன். சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னேன்.”

பாவம், பயத்தில் பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் சொல்லுக்கு எதிரே என் எழுத்து இருந்ததே. இருபதாம் தேதி, பகல் 12.40, கேன்டீன். எழுதி வைத்திருப்பது எப்படிப் பொய்யாகும்?

“நாலு மணிக்குள்ள உன் பேரை அந்த லிஸ்டில் ஏத்தாம நான் கீழே இறங்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். அவன் நம்பவில்லை. சொன்ன பிறகு நானும் அவ்வளவாக நம்பவில்லை. ஆனால் படி ஏறும்போது ஒன்று புரிந்தது. அந்தப் பத்திகளை நிரப்பியவன் நான். நான்தான் அழித்தாக வேண்டும்.

மேனேஜர் அறை வாசலில் இரண்டு மணி நேரமும் பத்து நிமிஷமும் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிட்டபோது, அவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

“உட்காருங்க மிஸ்டர் சபாபதி. பதினாலு வருஷமா இங்க இருக்கேன். கீழே என்ன நடக்குதுன்னு ஒருத்தர்கூட எனக்கு இப்படி எழுதிக் கொடுத்ததில்ல. தேதி, நேரம், இடம். பிரமாதம். ஜனவரியில உங்களுக்கு ஏதாவது செய்யணும்னு பார்க்கறேன்.”

என் வாழ்க்கையில் மேலதிகாரி ஒருவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

“சார், அது ரிப்போர்ட் இல்லை. சொல் பட்டியல்.”

“என்ன பட்டியல்?”

“கட் என்கிற சொல்லுக்கு எத்தனை பொருள் இருக்குதுன்னு…”

அவர் நம்பவில்லை. நிகழ்ச்சி நிரலை எடுத்துக் காட்டினேன். பிறகு எழுந்து நின்று, மேடையில் பேசுவதுபோலவே, முதல் பொருளிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். கட் பனியனுக்கு அவர் புருவத்தைத் தூக்கினார். கேரம் கட்டுக்குக் கையால் செய்து காட்டினேன். பத்தொன்பதாவதில் போதும் என்று கையைக் காட்டிவிட்டு மணியடித்தார். அக்டோபர் மாத வருகைப் பதிவேடு வந்தது. என் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் என் பக்கம் திருப்பினார்.

“இருபதாம் தேதி, ரெண்டாவது ஷிப்ட். 214 வந்தார். இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

“இந்த நோட்டுல அதே தேதி, அதே 214, ஷிப்ட்டை கட் அடிச்சிட்டுப் படத்துக்குப் போறார். இது?”

“என் கையெழுத்துதான் சார்.”

“ரெண்டுல எது பொய்?”

பதிவேடு பொய் என்றால், கஜேந்திரன் டோக்கனை வேறு யாரோ போட, நான் பார்க்காமல் குறித்திருக்கிறேன். அவன் வேலையும் போகும், என் வேலையும் போகும். நோட்டு பொய் என்றால், வாழ்க்கையில் இதுவரை ஒரு தப்பான இலக்கம்கூட எழுதாத நான், நாற்பத்து மூன்று பொய்களை எழுதியவன் ஆவேன். மேலே மின்விசிறி சுற்றியது. அதைப் பதினேழு சுற்றுவரை எண்ணினேன்.

“நோட்டுதான் சார் பொய். வாக்கியமெல்லாம் நானே யோசிச்சு எழுதினது.”

“நாற்பத்து மூணுமா?”

“நாற்பத்து மூணும்.”

“அப்ப பேரும் டோக்கன் நம்பரும் எதுக்கு?”

“பத்தி காலியா இருந்தது சார்.”

அவர் நோட்டை மூடி வைத்தார். “பத்தி காலியா இருந்தா எதையாவது எழுதிடுவீங்களா?”

“ஆமா சார்” என்றேன். என்னைப் பற்றி அதைவிட உண்மையான ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று முப்பத்தைந்துக்கு நோட்டீஸ் கிழிக்கப்பட்டது. நான்கு மணிக்கு ஹெட் ஆபீஸ் கிளம்பிய பட்டியலில் 214 இருந்தது. நான்கு ஐந்துக்கு என் பெயருக்கு ஓர் உத்தரவு வந்தது. கம்பெனிப் பதிவேட்டில் தொழிலாளர்கள் பெயரில் பொய்யான விவரங்களை எழுதியதற்காக, வரும் ஜனவரி மாதச் சம்பள உயர்வு எனக்குக் கிடையாது. அதுவும் நிரந்தரப் பாதிப்புடன். அப்படியென்றால் என்ன என்று நாதமுனியிடம் கேட்டேன்.

“இந்த வருஷத்தோட போகாது தம்பி. நீ ரிடையர் ஆகற வரைக்கும் கூடவே வரும்” என்றார். பிறகு தானாகவே வெளியே போய் எனக்கு ஒரு டீ வாங்கி வந்தார்.

மாலை ரயிலில் கஜேந்திரன் எதிரே வந்து உட்கார்ந்தான். அண்ணனூர்ப் பக்கம் பெய்த மழை எங்கள் ஜன்னல்வரை அடித்தது.

“இன்னா அண்ணாத்தே, நீயே எழுதனதுன்னு சொல்லிட்டியாமே?”

“உனக்காக ஒரு பொய் சொன்னேன். பரவாயில்லை விடு.”

“இன்னா பொய்?”

“நீ ஷிப்டுக்கு வந்தேன்னு.”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதக் கற்றை ஒன்றை எடுத்தான். லேத் பிரிவில் ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் போர்மேன் கையெழுத்திட்டுக் கொடுக்கும் உற்பத்திச் சீட்டுகள். ஒன்றை உருவி என்னிடம் நீட்டினான். அக்டோபர் 20, இரண்டாவது ஷிப்ட், டோக்கன் 214, முடித்த உருப்படிகள் நூற்று நாற்பத்தாறு.

“காலீல இருந்து சொல்லிகினு கீறேன், வந்தேன்னு. நீ எங்க கேட்ட? ஒரு கட்டுக்கு ஒரு டீ குடுக்கறேன்னு சொன்ன. வாய்க்கு வந்தத சொன்னேன். நான் மட்டும் ஒம்பது டீ குட்ச்சிகீறேன். மாணிக்கத்துக்கு பீடி புடிச்சா இருமலு, அவன் எங்க பீடி குடிக்கப் போறான்.”

அந்தச் சீட்டை நான்கு தடவை படித்தேன். காலையில் அவன் சொன்னதை நம்பி இந்த ஒரு துண்டுக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் போயிருந்தால், இரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும். நான் பொய்யனாகியிருக்க வேண்டாம். அதைவிடக் கொடுமை, 214 விஷயத்தில் நான் சொன்னது பொய்யே இல்லை. நோட்டு நிஜமாகவே பொய்தான். மேனேஜர் முன்னால் என் ஆயுளிலேயே பெரிய பொய்யைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

“அப்ப ஏழுமலை சொன்ன லாரி கட்டிங்?”

கஜேந்திரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். “அத்த நீ கேக்காத.”

கேட்கவில்லை. மற்ற ஆறு பேரில் எத்தனை பேர் சொன்னது நிஜம் என்ற கணக்கை நான் எடுக்கவே இல்லை. என் வாழ்க்கையில் வேண்டுமென்றே எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

விழாவில் பேசினேன். பெயர் கூடாது, எண் கூடாது என்ற நிபந்தனையோடு மேனேஜர் அனுமதித்தார். நோட்டு அவரிடமே இருந்ததால் நினைவிலிருந்தே சொன்னேன். டீக்கடையில் கிடைத்ததையும் சேர்த்து நாற்பத்து நான்கு. தொழிலாளர்கள் விரல்விட்டு எண்ணினார்கள். முடித்தபோது பின்வரிசையிலிருந்து மாணிக்கம், “ஆறு கொறையுது சார், பாக்கிய எப்ப தர்றது?” என்றான். அதற்குக் கிடைத்த கைதட்டல் என் பேச்சுக்குக் கிடைத்ததைவிட அதிகம். தை மாதம் கஜேந்திரன் கல்யாணத்தில் பந்தியில் என்னை முதல் ஆளாக உட்கார வைத்து, “எல்லாரும் பாத்து பேசுங்கப்பா, அண்ணாத்தே பையில பென்சில் கீது” என்று அவனே அறிவித்தான்.

அந்தக் கிண்டல் அங்கிருந்து எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இன்றும் மளிகைச் சாமான் எழுத நான் பேனாவைத் திறந்தால், மருமகள் கூடத்தைப் பார்த்து, “மாமா எழுதறார், எல்லாரும் வாயை மூடிக்கோங்க” என்கிறாள். பேத்தி ஓடி வந்து, “தாத்தா, என் நம்பர் என்ன?” என்று கேட்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

அந்தச் சம்பள உயர்வு மாதம் எட்டு ரூபாய். 1972 ஜனவரியிலிருந்து நான் ஓய்வு பெற்ற 2004 டிசம்பர் வரை முந்நூற்றுத் தொண்ணூற்றாறு மாதங்கள். ஆக மொத்தம் மூவாயிரத்து நூற்று அறுபத்தெட்டு ரூபாய்.